மைக்காரரும் மருமகள் கட்டைவிரலும்

பூங்காவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்காரர் என்றால்தான் தெரியும். ரோலர் கோஸ்டர் கேபினில், சுழல் நாற்காலியில், ஒரு கை பச்சைப் பொத்தான்மேலும் மறு கை மைக்மேலுமாக உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டில் எதற்குச் சம்பளம் வாங்குகிறோம் என்பதில் அவருக்குக் கடைசிவரை குழப்பம் இருந்தது.

அவரை எனக்குப் பூங்காவுக்கு முன்பே தெரியும். அவருடைய மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்த்துக்கொள்ளப் போனவள் நான். அந்த அம்மாள் தண்ணீர் கேட்டு முனகுவாள். இவர் அடுத்த அறையில் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று பழகிக்கொண்டிருப்பார். அப்போது வேனில் மைக் கட்டிக்கொண்டு, கட்டில் பீரோ தள்ளுபடி விற்பனைக்குத் தெருத்தெருவாகக் கூவுவதுதான் அவருக்குப் பிழைப்பு. கடையை மூடினார்கள், வேனை விற்றார்கள். தொண்டை மட்டும் மிஞ்சியது. அதைக் கொண்டுபோய்ப் பூங்காவில் சேர்ந்துகொண்டார். மனைவி போன பிறகு முதலுதவி அறைக்கு என்னைச் சொல்லிவிட்டதும் அவர்தான். "நர்ஸ் எதுக்கு சார், பாதிச் சம்பளத்துல ஒரு அம்மா இருக்காங்க, நல்லா துடைப்பாங்க" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாராம். இதை என்னிடமே பெருமையாகச் சொன்னார். நன்றி எதிர்பார்த்தார். நான் டீ வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டேன்.

ரோலர் கோஸ்டருக்கு வாசலில் 'மின்னல்' என்று பலகை. வேலை செய்கிறவர்களுக்கு அது அரவை மிஷின். வேறு ஏதோ பூங்காவில் வேண்டாம் என்று கழற்றிப் போட்டதை வாங்கி வந்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, புத்தம் புதிது என்று விளம்பரம் செய்தார்கள். தண்டவாளம் வளைகிற இடத்திலெல்லாம் வண்டி கடகடவென்று உதறும். ஆளை இருக்கையோடு பிடித்துவைக்கும் தோள்கம்பி காதோரம் நிற்பதால், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதில் போய் மோதும். சக்கரத்துக்கு நேர் மேலே அமைந்த கடைசி வரிசை எல்லாவற்றிலும் மோசம். என் அறை இறங்குகிற படிக்கட்டுக்கு அடியில். பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டுதான் இறங்குவார்கள். ஐஸ் கொடுப்பேன். காது ஆறியதும் மறுபடி போய் வரிசையில் நிற்பார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறி, இறங்கியதும் வாந்தி எடுத்துவிட்டு, தின்ற கடையைத் திட்டுவார்கள். குழந்தை அழுகிறது, வேண்டாம் என்கிறது. அப்பன்காரன் அதன் கையைப் பிடித்து இழுத்து, "காசு கொடுத்திருக்கோம்ல" என்பான். மனித இனத்தின்மேல் மரியாதை வைத்திருப்பவர்கள் விடுமுறை நாளில் என் அறைப்பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இந்த அரவை மிஷினில் இரண்டு வண்டிகள். ஒன்று தண்டவாளத்தில் சுற்றிவிட்டு வருவதற்குள், மேடையில் நிற்கும் இன்னொன்றில் ஆட்களை ஏற்றி, கம்பியைப் பூட்டி, அனுப்பிவிட வேண்டும். தாமதமானால் சுற்றிவந்த வண்டி உள்ளே நுழைய இடமில்லாமல் மேடைக்கு வெளியே பிரேக் போட்டு நிற்கும். அங்கே கூரை கிடையாது. கம்பி பூட்டியபடியே ஜனங்கள் வெயிலில் வேகும். மயங்கிச் சரிந்தவர்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

ஏன் தாமதம்? மைக்காரர் பேசிக்கொண்டிருப்பார். அதுதான் காரணம்.

"மின்னலைச் சந்திக்க வந்திருக்கும் மாவீரர்களே! உங்கள் இதயத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா? இதோ, வெண்ணெயில் வழுக்குவது போல் ஒரு பயணம்..."

வெண்ணெயாம். இந்த மனிதர் அந்த வண்டியில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் எதுக்கு சிஸ்டரம்மா ஏறணும்? ஓட்டுறவனே நான்தானே."

ஏணியில் இரண்டு படி ஏறினாலே அவருக்குக் கால் நடுங்கும். பல்பு மாற்றவும் மகனைத்தான் கூப்பிடுவார். இன்னொன்றும் உண்டு. அவருக்கு மூலம். நாற்காலியில் காற்று ஊதிய ரப்பர் வளையம் போட்டு, அதன்மேல்தான் உட்காருவார். மாவீரர்களை அனுப்பிவைத்த சிம்மாசனம் அப்படி.

அவருடைய மருமகளும் அதே மேடையில்தான் வேலை செய்தாள். மகன் சரக்கு லாரியில் போகிறவன். வீட்டில் தங்குவது குறைவு. மருமகள் வண்டிக்கு இடது பக்கம். வலது பக்கம் நெட்டை என்று ஒருவன். இருவருக்கும் வேலை ஒன்றுதான்: தங்கள் பக்கத்துத் தோள்கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, எல்லாம் பூட்டியிருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். கேபினில் இருப்பவர் இரண்டு பக்கமும் முகத்தைப் பார்த்து, விரலைப் பார்த்து, அதற்கப்புறம்தான் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். புதிய மிஷின்களில் கம்பி பூட்டாவிட்டால் வண்டியே நகராதாம். இந்தக் கிழட்டு மிஷினுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதற்கு இருந்த காவலெல்லாம் இரண்டு கட்டைவிரல்கள்.

மருமகள் தங்கமான பெண் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாய் சவுக்கு. ஏறுகிற ஜனங்களைப் 'பார்சல்' என்பாள். "நாலாவது வரிசைப் பார்சல் கொஞ்சம் குண்டு, அமுக்கணும்" என்று அவர்கள் காதில் விழவே சொல்வாள். ஆனால் கை வேகம். மாமனாரின் நாற்காலிமேல் அவளுக்குக் கண் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "மேடையில நின்னு நின்னு காலு வீங்குது. அவர் உக்காந்துக்கிட்டுக் கதை சொல்றாரு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

புது மேனேஜர் வந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் வரிசையைப் பார்த்தே திரும்பிப் போகிறார்கள் என்று அவருக்குக் கவலை. எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, மின்னலில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். மருமகள் எழுந்தாள்.

"சார், மாமா பேசி முடிக்கணும். அப்புறம்தான் வண்டி போகும்."

கூட்டத்தில் சிரிப்பு. மேனேஜரும் சிரித்துவிட்டு, "அப்படின்னா இந்த விடுமுறை முடியறவரைக்கும் பார்க்கறேன். வேகம் வரலைன்னா நாற்காலியில ஆள மாத்திடுவேன்" என்றார்.

அன்றோடு மைக்காரர் மருமகளிடம் பேசுவதை நிறுத்தினார். மகன் லாரியில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். அவனுக்குப் போன் போட்டு, "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, எனக்கு டீயில சக்கரை கம்மி" என்பாராம். அவன் அங்கிருந்து இவளுக்குப் போன் போட்டுச் சொல்வானாம். டீயும் சர்க்கரையும் இவரும் அவளும் ஒரே சமையலறையில்.

மேடையில் நெட்டைதான் தூது.

"நெட்டை, அந்தப் பக்கம் ரெடியான்னு கேளு."

அந்தப் பக்கம் என்பது கைநீட்டினால் தொடுகிற தூரம். நடுவில் கண்ணாடி மட்டும்.

"ரெடியான்னு கேக்குறாரு" என்பான் நெட்டை.

"கண்ணு இருந்தா பாக்கச் சொல்லு."

"கண்ணு இருந்தா..."

"எல்லாம் எனக்கும் கேட்டுச்சு" என்பார் மைக்காரர், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே.

இப்படி ஒவ்வொரு வண்டிக்கும் நடந்தால் நெட்டைக்கு வாய் வலிக்காதா? அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மருமகள் விரலைக் காட்டினாளா என்று அவனே பார்ப்பான். பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தூக்குவான். வலது கட்டைவிரல் அவனுக்கு. இடது கட்டைவிரல் அவளுக்கு. மைக்காரர் அவனை மட்டும் பார்த்துப் பொத்தானை அழுத்துவார். எல்லோருக்கும் சௌகரியமாகிவிட்டது. ஒரு வீட்டுப் பிணக்குக்காக ஒரு ரோலர் கோஸ்டரையே வளைத்துவிட்டார்கள். "இதென்ன கூத்து?" என்று நான் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர், "வேகம் கூடியிருக்கே சிஸ்டர், பார்த்தீங்களா" என்றார். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேகம் கூடியது உண்மைதான். நாற்காலி போய்விடுமே என்ற பயத்தில் மைக்காரர் பேச்சைக் குறைத்திருந்தார். மாவீரர்கள் போய் வெறும் வீரர்கள் ஆனார்கள்.

விடுமுறையின் கடைசி நாள். வரிசை வாசல் கேட்டைத் தாண்டி, கழிப்பறையைச் சுற்றி வளைந்து போயிருந்தது. மேனேஜர் மேடை ஓரத்தில் நின்று ஒவ்வொரு வண்டி போகும்போதும் கடிகாரத்தைப் பார்த்தார். மைக்காரர் மைக்கைத் தொடவே இல்லை. பொத்தானை ஆணி அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்தார். நெட்டையும் அதே வேகத்தில் கம்பிகளை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கித் தூக்கி இறக்கினான். போகப்போக அவன் அடுத்த பக்கம் திரும்பிப் பார்ப்பதும் நின்றுபோனது.

கடைசி வரிசையில் ஒருவன் போன் மாட்டிய நீளக் கோலை வைத்துக்கொண்டு, மடியில் பையையும் வைத்து, அதன்மேல் தோள்கம்பியை இழுத்துக்கொண்டான். கம்பி பையில் முட்டி, பூட்டாமல் நின்றது. மருமகள் கம்பியை மேலே தூக்கினாள்.

"பையைக் குடுங்க."

"இதுல லென்ஸ் இருக்கு."

"உங்க தலையும் இருக்கு. குடுங்க."

பை அவள் கைக்கு வந்தது. கம்பி இன்னும் மேலேயே நின்றது. அந்த நொடியில் நெட்டையின் இரண்டு கட்டைவிரல்களும் மேலே போயின. மைக்காரர் அழுத்தினார். வண்டி கிளம்பியது.

அவள் போட்ட சத்தம் என் அறைக்குக் கேட்டது. பையை வீசிவிட்டு ஓடிப்போய்த் தூணிலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஏற்றத்தில் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்த வண்டி, கிறீச்சென்று பாதியிலேயே நின்றது. மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது. கடைசி வரிசைக்காரன் சாய்ந்து கிடந்தான். அவன் கம்பி விரியத் திறந்து கிடந்தது. ஏற்றத்தை ஒட்டி ஒரு குறுகலான இரும்புப் படி உண்டு. மருமகள் அதில் ஏறினாள். நான் ஐஸ் பெட்டியைப் போட்டுவிட்டுப் படிக்குக் கீழே போய் நின்றேன்.

நியாயமாக ஏற வேண்டியவர் மைக்காரர். கேபினில் இருப்பவர்தான் மேலே போய் ஆட்களை இறக்க வேண்டும் என்பது விதி. அவர் கேபினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மைக்கை எடுத்தார்.

"வீரர்களே, அஞ்ச வேண்டாம். உயரத்திலிருந்து இயற்கைக் காட்சியை ரசிக்க உங்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு..."

மேலே ஒரு பெண் குலதெய்வத்தைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள். கீழே வரிசையில் நின்ற ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருவன் என் தோளைத் தட்டி, "இது சரியாகறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாங்க வரிசைய விட்டுட்டு சாப்பிட்டு வந்தா எடம் இருக்குமா?" என்று கேட்டான். அவன் பெண்டாட்டி, "மேல நிக்கிறவங்களுக்கு இன்னொரு தடவ ஃப்ரீயா விடுவாங்க போல, லக்கு" என்றாள்.

நான் கேபின் கண்ணாடியைத் தட்டினேன். "மைக்க அணைங்க."

"ஜனங்கள தைரியப்படுத்தறேன் சிஸ்டரம்மா."

"அணைங்க. அவ மேல ஒவ்வொருத்தருக்கும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கு. உங்க சத்தத்துல அது அவங்களுக்குக் கேக்கல."

அணைத்தார். அதற்கும் முகம் சுண்டியது.

மருமகள் முதலில் கடைசி வரிசைக்காரனின் கம்பியை இழுத்துப் பூட்டினாள். பிறகு முன்வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு கம்பியையும் இடுப்பில் தொங்கிய சாவியால் நெம்பி விடுவித்து, ஒவ்வொருவராகப் படியில் இறக்கிவிட்டாள். "கீழ பாக்காதீங்க, என் முதுகப் பாருங்க. என் முதுகுல ஒண்ணும் இல்ல, தைரியமா பாருங்க" என்று சொல்வது கேட்டது. நான் கீழே கை கொடுத்தேன். அழுதவர்களை உட்காரவைத்தேன். சிரித்தவர்களையும் உட்காரவைத்தேன், அவர்கள்தான் முதலில் மயங்குவார்கள். கடைசி வரிசைக்காரன் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, பையை வீசினது யார் என்பது. லென்ஸ் உடைந்துவிட்டதாம். உயிர் உடையவில்லை என்பதில் அவனுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் அடங்கியபின் என் அறைக்கு மூன்று பேரும் வந்தார்கள். மருமகளின் உள்ளங்கைத் தோல் இரும்பில் உரிந்திருந்தது. நெட்டை மூலையில் நின்று தன் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, "பிரஷர் பாருங்க சிஸ்டரம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. தள்ளி உக்காருங்க" என்றேன். கட்டில் மருமகளுக்கு வேண்டியிருந்தது.

தள்ளினார். சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ரொம்ப அடியான்னு அவகிட்ட கேளுங்க."

"நான் நெட்டை இல்ல. நீங்களே கேளுங்க."

நான் மருந்து போட்டு முடித்தேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். கூட்டம் நடந்த நாளிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார்.

"நீ விரலைக் காட்டலையா?"

"காட்டல மாமா" என்றாள். "அதான் விஷயமே."

மேனேஜர் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். மேலிடத்துக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டும். யாரைக் காட்டலாம் என்று கண்ணாலேயே தேடினார். நெட்டையைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

"நீதானே ரெண்டு கையையும் தூக்கினே? உன்னை யார் தூக்கச் சொன்னது?"

நெட்டை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மருமகள் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அவள் மடியில் கிடந்த போனில் புருஷனின் அழைப்பு வந்து வந்து நின்றது. அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான். லாரி ஓட்டுகிறவனுக்குக்கூட அதற்குள் செய்தி எட்டியிருந்தது. நாற்காலி அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும்; வீட்டில் அதைச் சொல்லிக் காட்டியே சாகடிப்பார்கள். நெட்டையின் வேலை போனாலும் அவளுக்குப் பொறுக்காது. என்ன செய்வாள் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மைக்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சார், பையனைத் திட்டாதீங்க. ரெண்டு கை தூக்குறது எங்களுக்குள்ள ஏற்பாடு."

"என்ன ஏற்பாடு?"

"நான் என் மருமகளோட பேசுறதில்ல சார்."

மேனேஜர் அவரைப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பேசாதவ மூஞ்சிய எப்படி சார் பாக்குறது?" என்றார் மைக்காரர். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தப்பை ஒத்துக்கொள்கிற முகமும் இல்லை. உலகத்தில் எந்த நியாயவானும் தலையாட்டுகிற ஒரு காரணத்தைச் சொல்லிவிட்ட நிம்மதிதான் இருந்தது. "என்னைப் பத்தி நாலு பேர் முன்னாடி சொன்னவ சார். ஒரு மனுஷனுக்கு மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

நெட்டையைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொன்னார் என்று பூங்காவில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அவருக்குப் புத்தி அவ்வளவு தூரமெல்லாம் போகாது. தன் ரோஷத்துக்கு ஒரு சபை கிடைத்தது, பேசினார். அதில் நெட்டை பிழைத்தான். நாற்காலி போனது.

மேனேஜர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். அரவை மிஷினைக் கொஞ்ச காலம் மூடிவைத்து, திறக்கும்போது பெயின்டை மாற்றி, நீலமாக்கினார். உதறல் அப்படியே இருந்தது. கேபினில் மருமகள் உட்கார்ந்தாள்; மேடையில் அவள் நின்ற இடது பக்கத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். இரண்டு பக்கமும் முகம் பார்க்காமல் பொத்தானைத் தொட மாட்டாள். பேசவும் மாட்டாள். வெளியே வெயிலில் வண்டி நிற்பது அநேகமாக இல்லாமல் போய்விட்டது. மயக்கம் குறைந்தது. காது மட்டும் குறையவில்லை.

மின்னல் மறுபடி திறந்த அன்று மைக்காரரை வாசல் கேட்டுக்குப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் வரவேற்பு சொல்வது வேலை. பொத்தான் கிடையாது, தண்டவாளம் கிடையாது, வாய் மட்டும். அவருக்கு முதலிலேயே கொடுத்திருக்க வேண்டிய வேலை. அங்கே பிளாஸ்டிக் நாற்காலி. ரப்பர் வளையமோ கேபினில் கிடந்தது. அதை எடுத்துவரச் சொல்லி நெட்டையை அனுப்பினார். வெறுங்கையோடு வந்தான்.

"அவரையே வந்து கேக்கச் சொல்றாங்க."

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில், கேட் திறக்குமுன், மேடைக்கு வந்தார். நான் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வளையம் கேபின் ஆணியில் தொங்கியது.

"அதைக் குடும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்த்தே.

"தர்றேன் மாமா. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

"எனக்கு எதுக்கு?"

"வெண்ணெய் மாதிரி இருக்கும்னு எத்தன வருஷமா சொல்றீங்க. ஒரு தடவ பாத்துடுங்க."

நெட்டை வேண்டுமென்றே கடைசி வரிசையைத் திறந்துவிட்டான். அவர் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் துப்புரவு ஆட்கள் நாலு பேர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே மரியாதைதான் அவரை ஏற்றிவிட்டது. இரண்டு கட்டைவிரல்கள், இரண்டு பக்கத்திலிருந்தும், தனித்தனியாக எழுந்தன. மருமகள் இரண்டையும் பார்த்தாள். அழுத்தினாள். ஏற்றத்தில் அவர் சத்தம் இல்லை. இறக்கத்தில் இருந்தது. மைக் தேவைப்படவில்லை.

இறங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். இடது காது தக்காளிபோலச் சிவந்திருந்தது. மற்ற இடத்து வேதனையை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஐஸை வைத்து அழுத்தினேன்.

"இப்படியா அடிக்குது?" என்றார்.

"எப்பவும் இப்படித்தான்."

"யாரும் சொல்லலையே."

"நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க."

நெட்டை வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மைக்காரர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்துக் கேட்டை நோக்கி நடந்தார். இனி அந்த ஒரு வார்த்தையையாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

கேட்டைத் திறந்தார்கள். ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு நுழைகிற சத்தம். ஒலிபெருக்கி கரகரத்தது, தொண்டை செருமியது.

"மாவீரர்களே, வருக! நேற்றுவரை நான் ஓட்டினேன், இன்று நானே ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். வெண்ணெயில் வழுக்குவது போல்..."

நான் ஐஸ் பெட்டியை நிரப்பிவைத்தேன்.